முட்டை வழியே வரும் நுண்ணுயிர்கள்

பழைய அரிசியைச் சுளகில் கொட்டிப் புடைக்கும்போது நீண்ட மூக்கோடு ஊர்ந்து வெளியேறும் அந்தக் கரும்பழுப்பு வண்டை நெல்லைச் சீமையில் அறியாத வீடு இல்லை. அரிசி வண்டு என்றும் கூன்வண்டு என்றும் சொல்லப்படும் அதை ஒற்றை உயிர் என்று எண்ணித்தான் பொறுக்கி எறிகிறோம். ஆனால் அந்த ஒரு வண்டின் உயிரணுக்களுக்குள் நான்கு வேறு மரபணுத் தொகுதிகள் இயங்குகின்றன என்று 1999இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒன்று, உயிரணுக் கருவில் உள்ள வண்டின் சொந்த மரபணுக்கள். இன்னொன்று, எல்லா விலங்குகளிலும் இருப்பது போன்ற மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள். மற்ற இரண்டும் வண்டுக்குள் குடியிருக்கும் இரு பாக்டீரியாக்களுக்கு உரியவை: சோடாலிஸ் ஒன்று, வோல்பாக்கியா மற்றொன்று. இந்த இரண்டும் தீனியோடு உள்ளே போனவை அல்ல. தாய் இட்ட முட்டைக்குள்ளேயே இருந்து வந்தவை.

இப்படித் தாயிடமிருந்து வழிவழியாக வரும் நுண்ணுயிர்களைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருந்தாலும், அவற்றின் நடத்தையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. முட்டை பெரியது, அதன் உள்ளே பாக்டீரியா தங்க இடம் உண்டு. விந்தணு மிகச் சிறியது. அதில் பாக்டீரியாவுக்கு இடம் கிடைப்பது மிக அரிது. ஆகவே பெண் பூச்சியின் உடலில் இருக்கும் நுண்ணுயிருக்கு அடுத்த தலைமுறை உண்டு. ஆண் பூச்சியின் உடலுக்குள் போனதற்கு அதோடு வம்சம் முடிந்தது. தான் குடியிருக்கும் பெண்ணுக்கு உதவி செய்தால் நுண்ணுயிர் பெருகும். உதவி செய்யாமல், பிள்ளைகளில் பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் பெருகும். தன்னைச் சுமக்காத பெண்களின் வாரிசுகளை அழித்தாலும் பெருகும். நன்மை, தீமை என்று நாம் பிரித்துப் பேசுவதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவையே.

உதவி செய்யும் வகையிலிருந்து தொடங்கலாம். பெண் அரிசி வண்டு தன் மூக்கால் ஒரு மணியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டையை இட்டு, பசை போன்ற சுரப்பால் துளையை அடைத்துவிடுகிறது. அதனால்தான் வண்டு வெளியே வரும்வரை அரிசி நன்றாக இருப்பது போலவே நமக்குத் தெரிகிறது. காலில்லாத புழு அந்த மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளியேறுகிறது. அரிசியில் மாவுச்சத்து மிகுதி. ஆனால் கெட்டியான மேலோட்டைக் கட்டுவதற்குத் தேவையான டைரோசின், ஃபீனைல்அலனின் ஆகிய அமினோ அமிலங்கள் வண்டின் தேவைக்குக் காணாது. அந்தக் குறையைச் சோடாலிஸ் நிரப்புகிறது. புழுப் பருவத்தில் குடலை ஒட்டிய தனி உறுப்பு ஒன்றில் அந்தப் பாக்டீரியா குடியிருக்கிறது. வண்டாக மாறிய முதல் சில நாட்களில், ஓடு கறுத்து இறுகும் நேரத்தில், அதன் எண்ணிக்கை பல மடங்கு பெருகுகிறது. ஓடு முற்றிய பின் நடப்பதுதான் வியப்பு. வண்டு தன் குடலில் உள்ள பாக்டீரியாக்களைத் தானே செரித்து, அந்தச் சத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரங்களில் அவற்றை ஒழித்துவிடுகிறது. பெண் வண்டின் சூலகத்தில் இருப்பவை மட்டும் தப்புகின்றன. வேலை முடிந்ததும் கணக்குத் தீர்த்துவிடும் இந்த ஏற்பாட்டை நட்பு என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

பனையையும் தென்னையையும் துளைத்துச் சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டு இதற்கு உறவுதான். அதற்குள் நார்டோனெல்லா என்ற வேறொரு பாக்டீரியா இருக்கிறது. கூன்வண்டுக் குலத்தில் அது 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பது. அவ்வளவு காலம் உயிரணுவுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்ததில் அது தன் மரபணுக்களில் பெரும்பகுதியை இழந்து, ஏறத்தாழ 2 லட்சம் எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்) கொண்ட மிகச் சிறிய தொகுதியோடு நிற்கிறது. டைரோசின் செய்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்று 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரிசி வண்டின் முன்னோரிடமும் இந்தப் பழைய பாக்டீரியாதான் இருந்தது. அதை வெளியேற்றிவிட்டுச் சோடாலிஸ் உள்ளே புகுந்து சில பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன என்று அதன் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் கணிக்கிறார்கள். கூட்டாளியை மாற்றிக்கொள்வதும் பரிணாமத்தின் ஒரு வழி.

மரபணுக்கள் இப்படித் தேய்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் சில நூறு அல்லது சில ஆயிரம் பாக்டீரியாக்களே முட்டைக்குள் நுழைகின்றன. வெளியிலுள்ள உறவினங்களோடு மரபணுக்களைப் பரிமாறிக்கொள்ள வாய்ப்பே இல்லை. ஒரு பழுது ஏற்பட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லாமல் அப்படியே நிலைத்துவிடுகிறது. பூச்சி கொடுக்கும் பொருளைத் தானும் செய்யத் தேவையில்லை என்பதால் அந்த மரபணுவும் போய்விடுகிறது. வெண்டையிலும் பருத்தியிலும் கொத்துக்கொத்தாக ஒட்டும் அசுவினிக்குள் இருக்கும் புக்னெரா என்ற பாக்டீரியாவின் கதையும் இதுவே. செடியின் சாற்றில் சர்க்கரை உண்டு, அமினோ அமிலம் மிகக் குறைவு. குறைந்ததைப் புக்னெரா செய்து தருகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள் என்றால், 2000இல் முழுமையாக வாசிக்கப்பட்ட புக்னெராவில் ஏறத்தாழ 6.4 லட்சமே. அசுவினி இல்லாமல் புக்னெரா இல்லை. புக்னெரா இல்லாமல் அசுவினியும் தழைக்காது. கட்டெறும்புக்குள்ளும் கரப்பானுக்குள்ளும் இத்தகைய கூட்டாளிகள் உண்டு.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு பூவிலும் நெல் போடுகிறவர்களுக்குப் புகையானைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, வயலைத் திட்டுத்திட்டாகக் காய வைக்கும் பூச்சி அது. அதற்குள் இருப்பது பாக்டீரியாவை விட முக்கியமாக ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை. பூச்சியின் கொழுப்புத் திசுவில் வாழும் அந்தப் பூஞ்சை, பூச்சியின் கழிவான யூரிக் அமிலத்தை எடுத்து மீண்டும் சத்தாக மாற்றித் தருகிறது. பூச்சிகளால் தாமே செய்துகொள்ள முடியாத ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளையும் தருகிறது. நெற்சாறு என்ற வறிய தீனியில் புகையான் இவ்வளவு வேகமாகப் பெருக முடிவதற்கு இந்தக் கூட்டு ஒரு காரணம்.

எல்லாக் கூட்டாளிகளும் முட்டைக்குள்ளேயே வருவதில்லை. வீட்டுக் கொல்லையில் அவரைக் கொடி படர்ந்திருந்தால் தண்டில் நெருக்கமாக மொய்த்திருக்கும், தொட்டால் நாறும், பச்சை கலந்த பழுப்பு நிற உருண்டைப் பூச்சிகளைக் காணலாம். மெகாகோப்டா என்பது அவற்றின் அறிவியல் பெயர். முட்டைக் குவியலைக் கவனமாகத் திருப்பிப் பார்த்தால், முட்டைகளுக்கு அடியில் சிறு சிறு பழுப்புக் குமிழ்கள் ஒட்டியிருப்பது தெரியும். அவை முட்டைகள் அல்ல. பாக்டீரியா அடைத்த உறைகள். ஊருக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பது போல, முட்டையிடும்போதே தாய் அவற்றையும் வைத்துவிட்டுப் போகிறது. பொரித்த குஞ்சுகள் முதலில் செய்வது அந்த உறைகளில் வாயை வைத்து உறிஞ்சுவதுதான். உறைகளை அகற்றிவிட்டால் குஞ்சுகள் ஓரிடத்தில் அடங்காமல் தேடி அலைகின்றன.

இந்தப் பூச்சியை வைத்து ஜப்பானில் நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனை, இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. மெகாகோப்டாவில் நெருங்கிய இரு இனங்கள் அங்கே உள்ளன. ஒன்று சோயா வயலில் பெருகிப் பயிரைக் கெடுப்பது. மற்றது சோயாவில் வளர்த்தால் முட்டைகள் சரியாகப் பொரிக்காமல் தடுமாறும். ஆய்வாளர்கள் இரண்டின் உறைகளையும் மாற்றி வைத்தார்கள். பூச்சி அதேதான், பாக்டீரியா மட்டும் மாறியது. உடனே நிலைமை தலைகீழானது: பயிரைக் கெடுத்தது தடுமாறியது, தடுமாறியது தழைத்தது. எந்தப் பயிரில் ஒரு பூச்சி பெருகும் என்பதைப் பூச்சியின் மரபணுவில் மட்டுமே தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய பாடம்.

இனி வோல்பாக்கியா. 1924இல் அமெரிக்காவின் மார்ஷல் ஹெர்ட்டிக், பர்ட் வோல்பாக் ஆகிய இருவர் கியூலெக்ஸ் கொசுவின் உடலில் இதைக் கண்டார்கள். நம் ஊர்ச் சாக்கடையில் பெருகும் கொசுவும் அந்தக் கியூலெக்ஸ் வகைதான். இன்று பூச்சியினங்களில் ஏறத்தாழ பாதியில் இது இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலான பூச்சிகளில் இது சத்து எதையும் கொடுத்துத் தன் இடத்தைப் பிடிக்கவில்லை. வேறு தந்திரத்தால் பிடித்தது. வோல்பாக்கியா உள்ள ஆண், விந்தணுவோடு பாக்டீரியாவை அனுப்புவதில்லை; ஆனால் விந்து உருவாகும்போதே பாக்டீரியாவின் புரதங்கள் அதில் ஒரு மாற்றத்தைச் செய்துவிடுகின்றன. அந்த விந்து வோல்பாக்கியா இல்லாத பெண்ணின் முட்டையைச் சேர்ந்தால், முதல் உயிரணுப் பிரிவிலேயே தந்தையின் குரோமோசோம்கள் சிக்கிச் சிதைந்து கரு மடிகிறது. முட்டையிலும் வோல்பாக்கியா இருந்தால் அது அந்த மாற்றத்தை நீக்கிக் கருவைக் காப்பாற்றிவிடுகிறது. நஞ்சும் அதன் முறிவும் ஒரே கையில் இருப்பது போன்ற இந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பான இரு மரபணுக்களை 2017இல்தான் அடையாளம் கண்டார்கள்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வேகம் புரியும். ஒரு கொசுக் கூட்டத்தில் ஆணிலும் பெண்ணிலும் சரிபாதி வோல்பாக்கியாவைச் சுமக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சுமக்கும் பெண்களுக்கு எந்த ஆணோடு சேர்ந்தாலும் பிள்ளை உண்டு. சுமக்காத பெண்களில் பாதி, சுமக்கும் ஆணோடு சேர்ந்து பிள்ளையை இழக்கும். ஆக அடுத்த தலைமுறையில் சுமப்பவை 67 சதவீதம். அதற்கடுத்து, சுமக்காத பெண்கள் தவறான ஆணைச் சேரும் வாய்ப்பு இன்னும் கூடிவிடுவதால், 86 சதவீதம். அதற்கும் அடுத்து 98 சதவீதம். தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் தவறாமல் பாக்டீரியா போகிறது என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. நடைமுறையில் சற்று மெதுவாக நடக்கும். தொடக்கத்தில் சுமப்பவை மிகக் குறைவாக இருந்தால் இந்த வித்தை செல்லாது. ஓரளவு எண்ணிக்கையைத் தாண்டிய பின் தடுக்க ஆளில்லை. அழுகிய பழத்தில் மொய்க்கும் சிறு ஈக்களில் ஓர் இனத்தில், கலிபோர்னியா மாநிலம் முழுவதும் வோல்பாக்கியா இப்படிப் பரவியதை 1980களிலிருந்து ஆய்வாளர்கள் ஆண்டாண்டாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன்பே இதைப் பயன்படுத்தியவர்களும் உண்டு. தெற்கத்திக்காரர்கள் பலர் பிழைக்கப் போன ரங்கூனுக்கு அருகே ஒக்போ என்ற சிற்றூரில், வேற்றூர்க் கியூலெக்ஸ் ஆண்களை நாள்தோறும் பறக்கவிட்டு, அவ்வூர்ப் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரிக்காமல் செய்து, கொசுக் கூட்டத்தையே ஒழித்ததாக ஹான்ஸ் லாவன் 1967இல் எழுதினார். முட்டைகள் அப்படிப் பொரிக்காமல் போனதற்குக் காரணம் வோல்பாக்கியா என்பது 1971இல்தான் தெரிந்தது.

ஆண் பிள்ளைகளையே கொன்றுவிடும் நுண்ணுயிர்களும் உண்டு. கருஞ்சிறகில் நீலம் ஒளிரும் வெள்ளைப் பொட்டுகள் கொண்ட ஹைப்போலிம்னஸ் போலினா என்ற வண்ணத்துப்பூச்சி நம் பகுதியிலும் பறப்பது. பசிபிக் பெருங்கடலின் சமோவாத் தீவுகளில் வோல்பாக்கியா இதன் ஆண் கருக்களைக் கொன்றுவந்தது. இறந்த சகோதரர்களால் சகோதரிகளுக்குத் தீனிப் போட்டி குறைகிறது, பாக்டீரியாவுக்கு ஆதாயம். 2001இல் அங்கே ஆண்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தன. 2006இல் பார்த்தபோது ஏறத்தாழ 40 சதவீதமாக உயர்ந்திருந்தன. வோல்பாக்கியா போய்விடவில்லை, அதன் கொலையைத் தடுக்கும் ஒரு மரபணு பட்டாம்பூச்சியில் பரவிவிட்டது. பத்துத் தலைமுறை அளவிலேயே நடந்துவிட்ட இந்த மாற்றம், பரிணாமம் என்பது எப்போதும் யுகக்கணக்கில் நடப்பது என்ற எண்ணத்துக்கு நல்ல பதில். ஆண் கிடைப்பதே அரிதான இடத்தில், ஆணைப் பிழைக்கவைக்கும் மரபணுவுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

குளவி இனங்கள் சிலவற்றில் வோல்பாக்கியா ஆணே தேவையில்லாமல் செய்துவிடுகிறது. தண்டுத் துளைப்பானுக்கு எதிராக அட்டையில் ஒட்டி வயலில் கட்டும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணிகளை விவசாயிகள் அறிவார்கள். அந்தக் குடும்பத்தின் சில இனங்களில் பெண், ஆணோடு சேராமலே பெண்களைப் பெறுகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்து வோல்பாக்கியாவை ஒழித்தால் மீண்டும் ஆண்கள் பிறக்கின்றன என்று 1990இல் காட்டினார்கள்.

இதையெல்லாம் படித்தால் வோல்பாக்கியா ஒட்டுண்ணி என்று முத்திரை குத்தத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். மூட்டைப்பூச்சிக்கு இரத்தத்தில் கிடைக்காத பி வகை வைட்டமின்களைச் செய்து கொடுப்பது இதே வோல்பாக்கியாதான். அதை நீக்கினால் மூட்டைப்பூச்சி வளர்வதும் முட்டையிடுவதும் கெடுகின்றன. கலிபோர்னியா ஈக்களிலும் பரவிய காலத்தில் வோல்பாக்கியா பெண்ணின் முட்டை எண்ணிக்கையைக் குறைத்தது. 20 ஆண்டுகள் கழித்து அளந்தபோது சுமக்கும் பெண்களே சற்றுக் கூடுதலாக முட்டையிட்டன. எல்லாப் பூச்சிக்குள்ளும் புகுந்துவிட்ட பின், குடியிருக்கும் வீட்டைக் கெடுப்பதில் நுண்ணுயிருக்கு ஆதாயமில்லை என்பதே காரணம். இன்னும் ஒரு படி போய், உளுந்தையும் பாசிப்பயற்றையும் துளைக்கும் பயறு வண்டில், வோல்பாக்கியாவின் மரபணுத் துண்டு வண்டின் எக்ஸ் குரோமோசோமிலேயே பதிந்து கிடப்பதை 2002இல் ஜப்பானில் கண்டார்கள். குடியிருந்தவர் சுவரிலேயே கலந்துவிட்டார்.

பூச்சியைத் தாண்டி வயல் முழுவதையும் இந்த நுண்ணுயிர்கள் அசைக்கின்றன. அசுவினியின் உடலுக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்னும் சிறு குளவிகள் உண்டு. அவையே நமக்கு இயற்கைக் காவல். ஆனால் பட்டாணி அசுவினி சிலவற்றில் ஹாமில்டொனெல்லா என்ற பாக்டீரியா இருந்தால் குளவியின் புழு உள்ளேயே மடிகிறது. உண்மையில் கொல்லும் நஞ்சு, அந்தப் பாக்டீரியாவுக்குள் இருக்கும் ஒரு வைரசிலிருந்து வருகிறது: அசுவினிக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ். குளவி இல்லாத கூண்டில் இதே பாக்டீரியாவைச் சுமப்பது அசுவினிக்குச் சுமையாகி, அவற்றின் விகிதம் குறைகிறது. ஆகவே வயலில் குளவி கூடும்போது இது கூடும், குறையும்போது குறையும். வெள்ளை ஈயில் இன்னொரு நிகழ்வு. அமெரிக்காவின் அரிசோனாவில் 2000ஆம் ஆண்டளவில் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா வெள்ளை ஈக்களில் நூற்றுக்கு ஒன்றில் இருந்தது. 6 ஆண்டுகளில் 97 சதவீதமானது. அதைச் சுமந்த ஈக்கள் விரைவாக வளர்ந்தன, அதிகம் ஈன்றன, பெண்களையே மிகுதியாகப் பெற்றன. அதே பாக்டீரியா இஸ்ரேலில் அப்படி வெற்றி பெறவில்லை. உளுந்தில் மஞ்சள் தேமலைப் பரப்புவது இந்த வெள்ளை ஈ இனம்தான் என்பதால், ஓர் ஆண்டு அது திடீரென்று பெருகும்போது மருந்தையும் மழையையும் மட்டும் காரணமாகச் சொல்வது போதாது.

மனித நோய்க்கு வருவோம். யானைக்கால் நோயை உண்டாக்கும் நூற்புழுவுக்குள்ளும் ஒரு வகை வோல்பாக்கியா உண்டு. டாக்சிசைக்ளின் கொடுத்து அதை ஒழித்தால் புழு மலடாகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசுவில் இயல்பாக வோல்பாக்கியா இல்லை. பழ ஈயிலிருந்து எடுத்த ஒரு வகையை அதன் முட்டைக்குள் ஊசியால் செலுத்தி வளர்த்தபோது, டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருக இயலாமல் போவதைக் கண்டார்கள். முன்பு பார்த்த கணக்கின்படி அது தானே பரவும் என்பதால், 2011இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் பறக்கவிட்டார்கள், பரவியது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த பெரிய சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. 2012இல் டெங்குவால் தவித்த திருநெல்வேலி மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இரு வகை வோல்பாக்கியாவைச் சுமக்கும் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது.

அந்த இரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடு நம் வெயிலைச் சார்ந்தது. பழ ஈயிலிருந்து வந்த வகை வெப்பத்தைத் தாங்காது. பகலில் 37 பாகை வரை ஏறி இறங்கும் தண்ணீரில் கொசுப்புழுவை வளர்த்தால் பாக்டீரியாவின் எண்ணிக்கை சரிந்து, அடுத்த தலைமுறைக்குச் சரியாகப் போவதில்லை. 2018இல் கெய்ன்ஸில் வெப்ப அலை அடித்தபோதும் புழுக்களில் அது குறைந்து, பிறகுதான் மீண்டது. ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுத்த மற்ற வகை வெப்பத்தை நன்றாகத் தாங்கும். அந்தக் காரணத்துக்காகவே மலேசியாவின் கோலாலம்பூரில் அதைத் தேர்ந்தெடுத்து விட்டு, டெங்குவை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்தார்கள். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் ஒரு மொட்டைமாடியில் கிடக்கும் வாளித் தண்ணீரும், அதே வீட்டின் பின்கட்டில் நிழலில் இருக்கும் சிமெண்ட் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. எந்த வகையை இங்கே விடலாம் என்று முடிவு செய்பவர்கள் முதலில் அளக்கவேண்டியது கொசுவை அல்ல, அந்த இரண்டு பாத்திரங்களின் சூட்டை.